கடுகுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே

இரண்டு குண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொள்வோம். ஒன்று 9 மி.மீ பிஸ்டலுக்கு உரியது. அதன் விட்டம் 9.01 மில்லிமீட்டர். மற்றது .45 பிஸ்டலுக்கு உரியது. அதன் விட்டம் 11.45 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், கடுகைவிடப் பெரிது, கொத்தமல்லி விதையைவிடச் சிறிது. இந்தச் சிறு இடைவெளியைப் பற்றி அமெரிக்கர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டு வருகிறார்கள். அதற்காக ராணுவக் குழுக்கள் கூடியிருக்கின்றன, மாடுகளும் பிணங்களும் சுடப்பட்டிருக்கின்றன, காவல் துறைகள் பல்லாயிரம் துப்பாக்கிகளை ஒதுக்கிவிட்டுப் புதியவை வாங்கியிருக்கின்றன.

தற்காப்புக்கென்று முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிற ஒருவர் அங்கே கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்பது, "எந்த காலிபர் வாங்கலாம்?" என்பதுதான். காலிபர் என்பது குழலின் துளை விட்டம். அதில் செல்லும் குண்டின் விட்டமும் ஏறக்குறைய அதுவே. அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரே குண்டில் எதிராளி நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவான் என்ற நம்பிக்கை. அது எங்கிருந்து வந்தது, இயற்பியலும் உடலியலும் அதற்கு என்ன பதில் சொல்கின்றன என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேச்சு வழக்கில் தோட்டாவையும் குண்டையும் நாம் ஒன்றாகவே சொல்கிறோம். இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் பற்றவைக்கும் மருந்து, நுனியில் குண்டு, எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். குழலை விட்டுப் பறந்து போவது மட்டுமே குண்டு. தோட்டாக்களின் பெயரில் வரும் எண்களை அப்படியே நம்பக் கூடாது. .45 என்பது அங்குலக் கணக்கு, 9 என்பது மில்லிமீட்டர் கணக்கு. .38 ஸ்பெஷல் என்ற புகழ்பெற்ற ரிவால்வர் தோட்டாவில் இருக்கும் குண்டின் உண்மையான விட்டம் 0.38 அங்குலம் இல்லை, 0.357 அங்குலம்தான். அதாவது 9.07 மி.மீ. பெயரில் .38க்கும் 9க்கும் எவ்வளவோ தூரம். விட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

*

1899இல் பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தன்வசமாக்க அமெரிக்கா போர் தொடுத்தது. தெற்கே மின்டனாவோவிலும் சூலு தீவுகளிலும் வாழ்ந்த மோரோ மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். உயிரைப் பொருட்படுத்தாமல் வாளோடு பாய்ந்து வந்தவர்களை அமெரிக்க அதிகாரிகளின் .38 ரிவால்வர்கள் தடுத்து நிறுத்தவில்லை என்ற புகார் ராணுவத் தலைமைக்குப் போய்க்கொண்டே இருந்தது. பழைய .45 ரிவால்வர்களைத் தூசி தட்டி அங்கே அனுப்பினார்கள்.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை ராணுவ மருத்துவர் லூயி லகார்டு பதிவு செய்திருக்கிறார். 1905இல் சமார் தீவில் ஒரு கைதி தப்பியோட முயன்றார். கைகலப்பில் மிக நெருக்கத்திலிருந்து .38 ரிவால்வரால் அவரை நான்கு முறை சுட்டார்கள். மூன்று குண்டுகள் மார்பில் பாய்ந்து நுரையீரலைத் துளைத்தன, ஒன்று கையில் பட்டது. அவர் விழவில்லை. கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் அவரை அடக்க முடிந்தது. பிறகு மருத்துவமனையில் தேறி எழுந்தார்.

இப்படிப்பட்ட புகார்களால்தான் அதற்கு முந்தைய ஆண்டே, 1904இல், அமெரிக்க ராணுவம் லகார்டையும், ஆயுதத் துறை அதிகாரி ஜான் டி. தாம்சனையும் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. பின்னாளில் தன் பெயராலேயே அறியப்பட்ட இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் இந்தத் தாம்சன். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகளைப் பல காலிபர்களில் சுட்டு, எத்தனை குண்டில் எவ்வளவு நேரத்தில் விழுகின்றன என்று குறித்தார்கள். மனித உடல்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எலும்பு எப்படி உடைகிறது, உடல் எவ்வளவு ஊசலாடுகிறது என்றும் பார்த்தார்கள். ராணுவக் கைத்துப்பாக்கிக்கு .45க்குக் குறைந்த காலிபர் போதாது என்பது அவர்களின் முடிவு. அந்த முடிவிலிருந்து பிறந்ததே ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டல். 1911இல் ராணுவத்தில் சேர்ந்து, 1985 வரை முதன்மைப் பிஸ்டலாக நிலைத்தது.

அந்தச் சோதனைக் குறிப்புகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. சோதனைப் பொருளான மாடுகளுக்காக மட்டுமல்ல. தன் மண்ணில் நின்று போரிட்டவனை இன்னும் வேகமாக விழச் செய்வது எப்படி என்ற கேள்வியோடுதான் இந்த அறிவியல் தொடங்கியது. அந்த வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் முறையில் பெரிய ஓட்டை இருக்கிறது. மாடு எப்போது விழுகிறது என்பது குண்டின் விட்டத்தைவிட அது எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது. தொங்கும் உடல் ஊசலாடுவதோ வேறு ஒன்றை அளக்கிறது.

அந்த வேறொன்று என்ன என்பதைக் கண்டு சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். கயிற்றில் தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1742இல் வெளியிட்டார். குண்டுகளின் இயக்கத்தைக் கணிதமாக்கிய முதல் பெரிய அடி அது. அந்த ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் கரைக்கு வந்து, 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒரு கணம் அவரை நினைத்துக்கொள்ளலாம். அவருடைய ஊசல் அளப்பது உந்தத்தை, அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதை. 1904 சோதனையில் மனித உடலையே ஊசலாக்கினார்கள். கிடைத்தது குண்டின் உந்தம்தான். ஆளை நிறுத்தும் ஆற்றலுக்கும் அந்த ஆட்டத்துக்கும் தொடர்பே இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கிரிக்கெட் பந்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். 160 கிராம் எடையுள்ள பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் உந்தம் சுமார் 6.2 அலகு. .45 குண்டின் எடை 15 கிராம், வேகம் விநாடிக்கு 255 மீட்டர், உந்தம் 3.8 அலகு. 9 மி.மீ குண்டின் எடை 8 கிராம், வேகம் 350 மீட்டர், உந்தம் 2.8 அலகு. ஆக, வேகப்பந்து வீச்சாளரின் பந்து இரண்டு குண்டுகளையும்விட அதிக உந்தத்தோடு வருகிறது. நெஞ்சில் பந்து பட்ட மட்டையாளர் வலியில் குனிவார். பத்தடி பின்னால் பறக்கமாட்டார். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலுக்குள் .45 குண்டு முழுதாக நின்றுவிட்டால், அவர் பெறும் வேகம் விநாடிக்கு ஐந்தரை சென்டிமீட்டருக்கும் குறைவு. நெரிசலான பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் முழங்கை பட்டால் இதைவிட அதிகம் தள்ளாடுவோம். சினிமாவில் சுடப்பட்ட வில்லன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பின்னால் பறப்பது முதுகில் கட்டிய கயிற்றின் வேலை. குண்டு ஓர் ஆளைத் தள்ளி வீழ்த்துமானால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவரும் அதே உந்தத்தோடு பின்னால் விழ வேண்டும்.

இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் இன்னொரு வியப்பு. 9 மி.மீக்குச் சுமார் 490 ஜூல், .45க்கும் சுமார் 490 ஜூல். ஒன்று கனமாகவும் மெதுவாகவும் போகிறது, மற்றது லேசாகவும் வேகமாகவும் போகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ராணுவ ரைபிள் குண்டுகளில் பெரியவற்றின் ஆற்றலோ 3,300 ஜூலைத் தாண்டும். கைத்துப்பாக்கிகளுக்குள் நாம் காணும் வேறுபாடெல்லாம், கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் உள்ள வேறுபாட்டின் முன் மிகச் சிறியது.

*

தள்ளவும் இல்லை, ஆற்றலிலும் பேதம் இல்லை என்றால் குண்டு உடலுக்குள் என்னதான் செய்கிறது? இதற்குப் பொறுமையாக விடை தேடியவர் மார்ட்டின் ஃபாக்லர். வியட்நாம் போரில் குண்டுக் காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர். போருக்குப் பின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் காயங்களை ஆராயும் பிரிவை நடத்தினார். அவர் பயன்படுத்தியது ஜெலட்டின் கட்டிகள். தொட்டால் முற்றாத நுங்குபோல இருக்கும். ஒரு பங்கு ஜெலட்டினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வெப்பநிலை 4 டிகிரி. கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்று பார்க்க விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் ஒரு சிறு எஃகு உருண்டையைச் செலுத்துவார்கள். அது 8.5 சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும். அதிகம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கட்டி உதவாது. இந்த ஜெலட்டினில் குண்டு போகும் ஆழத்தை உயிருள்ள பன்றியின் தசையில் போகும் ஆழத்தோடு ஃபாக்லர் ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தார். வெறும் களிமண்ணிலும் சோப்புக்கட்டியிலும் சுட்டுவிட்டு முடிவு சொன்னவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்துவது இந்தக் கவனம்தான்.

குண்டு இரண்டு வகையில் சேதம் செய்கிறது. தன் பாதையில் உள்ள திசுவை நசுக்கித் துளை போடுகிறது. இது நிலைத்த துளை. கூடவே, குளத்தில் எறிந்த கல் தண்ணீரை விலக்குவதுபோல, சுற்றியுள்ள திசுவை ஒரு கணம் பக்கவாட்டில் தள்ளுகிறது. இது கணநேரக் குழிவு. வேகமாக எடுத்த படங்களில் இந்தக் குழிவு பயங்கரமாகத் தெரியும். ஆனால் தசை, தோல், நுரையீரல் எல்லாம் நெகிழக்கூடியவை. விலகிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ரைபிள் குண்டின் வேகத்தில் அந்த இழுப்பு திசுவின் தாங்கும் எல்லையைக் கடந்து கிழித்துவிடுகிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பெரும்பாலும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. நெகிழ்ச்சி குறைந்த கல்லீரலும் மூளையும் விதிவிலக்கு. மற்றபடி, கைத்துப்பாக்கிக் குண்டு செய்வது தான் நேரடியாகத் தொட்டதைத் துளைப்பது மட்டுமே. தொடாததை அது சேதப்படுத்துவதில்லை.

இதைச் சொல்லிவிட்டால் மியாமி துப்பாக்கிச் சண்டையில் நடந்தது புரியும்.

1970களில் அமெரிக்க அரசின் ஆய்வுத் திட்டம் ஒன்று, கணநேரக் குழிவின் அளவை வைத்துக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தரவரிசைப்படுத்தியது. கணினி மாதிரி, எண்கள், அட்டவணை என்று அறிவியலின் எல்லா அலங்காரமும் அதில் இருந்தன. லேசான, வேகமான, உடனே விரியும் குண்டுகள் அந்தப் பட்டியலில் மேலே வந்தன. அத்தகைய 9 மி.மீ குண்டு, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் சிலரது பிஸ்டலில் இருந்தது.

1986 ஏப்ரல் 11 காலை. மியாமிக்குத் தெற்கே ஒரு குடியிருப்புப் பகுதியில் எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள், மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் என்ற இரண்டு கொள்ளையர்களின் காரை இடித்து நிறுத்தினார்கள். இருவரும் முன்னாள் ராணுவத்தினர். பிளாட்டின் கையில் ரைபிள் இருந்தது. சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே, காரின் ஜன்னல் வழியாக வெளியேறிய பிளாட் மீது ஒரு 9 மி.மீ குண்டு பட்டது. அது வலக்கையின் மேற்பகுதியைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்த ஒரு காயமே காலப்போக்கில் அவர் உயிரைப் பறித்திருக்கும். ஆனால் அந்தக் காலப்போக்கு சில நிமிடங்கள் நீண்டது. அதற்குள் அவர் இரண்டு அதிகாரிகளைக் கொன்றார். மொத்தம் ஐந்து பேர் காயமடைந்தார்கள். பிளாட் விழும்வரை அவர் உடலில் பன்னிரண்டு காயங்கள். போதைப் பொருளோ மதுவோ அவர் ரத்தத்தில் இல்லை.

குற்றம் 9 மி.மீ மீது விழுந்தது. என் பார்வையில் அது அநீதி. குண்டு எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதையே செய்தது: சீக்கிரம் விரிந்தது, அகலமான கணநேரக் குழிவை உண்டாக்கியது, ஆழம் போகாமல் நின்றது. தவறு அளவுகோலில் இருந்தது. விளைவோடு தொடர்பில்லாத ஒன்றை அளந்து, அதில் அதிக மதிப்பெண் பெற்ற குண்டை அதிகாரிகளின் கையில் கொடுத்திருந்தார்கள். 1904இல் ஊசலாட்டத்தை அளந்த அதே தவறு, இந்த முறை கணினியின் உதவியோடு.

அடுத்த ஆண்டு குவான்டிகோவில் எஃப்.பி.ஐ. ஒரு கூட்டம் கூட்டியது. பிணக்கூறாய்வு மருத்துவர்களும் ஃபாக்லரும் அதில் இருந்தார்கள். அதன் வழியே வந்த 1989ஆம் ஆண்டு அறிக்கை, என்னைக் கேட்டால், இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக நேர்மையான ஆவணம். ஓர் ஆளை உடனே நிறுத்துவது மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ படும் குண்டு மட்டும்தான். வேறு எங்கே பட்டாலும் ரத்தம் வடிந்துதான் அவர் நிற்க வேண்டும். இதயம் முற்றாகச் சிதைந்தாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் பிராணவாயு பத்திலிருந்து பதினைந்து விநாடி வரை விருப்பப்படி செயல்பட வைக்கும். அந்த விநாடிகளின் நீளத்தை உணர ஒரு கணக்கு போதும். 1983இல் சால்ட் லேக் நகரக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர், கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். இதயம் நின்றுபோன ஒருவருக்குக்கூட அப்படி ஆறேழு முறையாவது ஓடும் அவகாசம் இருக்கிறது.

பிறகு ஏன் பலர் ஒரே குண்டில் விழுகிறார்கள்? மனத்தால். சுடப்பட்டுவிட்டோம் என்ற அறிவு, வலி, அச்சம், ரத்தத்தைக் கண்ட அதிர்ச்சி ஆகியவை ஆளை உட்கார வைக்கின்றன. சுடப்பட்டால் விழ வேண்டும் என்று நாம் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறோம். பலத்த காயம் இல்லாமலேயே விழுகிறவர்கள் உண்டு. இன்னொருவர் வெறியிலோ போதையிலோ, அல்லது வெறும் உறுதியிலோ, குண்டு பட்டதையே உணராமல் முன்னால் வருவார். சமார் தீவின் கைதி நான்கு குண்டுக்கும் விழாமல் நின்றார். இந்த வேறுபாட்டைக் குண்டின் விட்டம் முடிவு செய்வதில்லை. தோட்டாப் பெட்டியில் அச்சிடவும் முடியாது.

*

அறிக்கையின் அறிவியல் சரி. அதன் பேரில் எடுத்த கொள்முதல் முடிவு அவசரத்தில் நடந்தது. குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர், ஆழம் போக வேண்டும் என்று வரையறுத்தார்கள். உடல் அவ்வளவு தடிமன் இல்லையே என்று தோன்றலாம். பிளாட்டுக்கு நடந்ததுபோல இடையில் ஒரு கை குறுக்கிடலாம், குண்டு சாய்வாக நுழையலாம், அதற்கான கணக்கு அது. அதிகபட்சம் 18 அங்குலம். அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பவருக்கு ஆபத்து. கனத்த துணி, மரப்பலகை, சுவர்ப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைத் துளைத்த பிறகும் இந்த ஆழம் வருகிறதா என்று சோதிக்கத் தொடங்கினார்கள். அன்று தேர்வில் முதலில் வந்தது 10 மி.மீ தோட்டா. அதன் உதைப்பைப் பல அதிகாரிகளால் கட்டுப்படுத்த முடியவில்லை. மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளமான கூடு தேவையில்லை என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கூட்டைச் சுருக்கி 1990இல் .40 தோட்டாவைக் கொண்டுவந்தன. நாடெங்கும் காவல் துறைகள் அதற்கு மாறின, 1997இல் எஃப்.பி.ஐ.யும் மாறியது.

இதற்கிடையே குண்டு செய்கிறவர்கள் அந்த ஜெலட்டின் சோதனையையே இலக்காக வைத்து 9 மி.மீ குண்டைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஈய உள்ளீடும் செப்பு உறையும் பிரியாமல் ஒட்டவைத்தார்கள், விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு தன் முடிவை மாற்றிக்கொண்டது. நல்ல தரமான குண்டுகளை எடுத்துக்கொண்டால் 9 மி.மீ, .40, .45 மூன்றும் உடலில் போடும் தடங்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. கூடவே இன்னொரு செய்தியையும் சொன்னது: உண்மையான மோதலில் காவல் அதிகாரிகள் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 சதவீதம் இலக்கில் படுவதே இல்லை.

விவாதம் முழுவதையும் புரட்டிப்போடும் எண் அது. பத்தில் ஏழெட்டு குண்டு இலக்கைத் தொடாமல் போகும்போது, தொட்ட குண்டு போட்ட துளை இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் அகலமா இல்லையா என்பது இரண்டாம் கேள்வி. முதல் கேள்வி, சுடுகிறவர் குறியை மீட்டெடுத்து அடுத்த முறை சுட எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. இங்கேதான் உந்தம் திரும்ப வருகிறது, எதிராளியின் உடலில் அல்ல, சுடுகிறவரின் கையில். 9 மி.மீயும் .45உம் ஒரே ஆற்றலோடு குண்டைச் செலுத்துகின்றன என்று பார்த்தோம். ஆனால் கையை உதைப்பது உந்தம். 700 கிராம் எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக் கணக்கிட்டால், 9 மி.மீ அதைச் சுமார் 8 ஜூல் ஆற்றலோடு பின்னால் தள்ளும்; .45 சுமார் 12 ஜூல். அதே வேலைக்கு ஒன்றரை மடங்கு உதைப்பு. தோட்டா பெரிதாகப் பெரிதாக மேகசினில் இடமும் குறையும். ஒரே நிறுவனத்தின் முழு அளவுப் பிஸ்டல்களை எடுத்தால், கிளாக்கின் 9 மி.மீயில் 17 தோட்டா, .40இல் 15, .45இல் 13.

பழைய வழக்கம் ஒன்று உண்டு. சிறிய கையுள்ளவருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மிகச் சிறிய துப்பாக்கியைக் காட்டுவது. இயற்பியல் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு கடுமையாக உதைக்கும். கைப்பைக்குள் அடங்கும் 400 கிராம் ரிவால்வர், இடுப்பில் தொங்கும் ஒரு கிலோ ரிவால்வரைவிடச் சுடுவதற்குக் கடினமானது. முதல் நாள் பயிற்சியில் மணிக்கட்டு வலித்து, அதற்குப் பிறகு அலமாரியைவிட்டு வெளியே வராத துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த வகைதான். தற்காப்பில் அவற்றால் பயன் இல்லை.

*

காலிபர் ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்டால், அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தோணி பிராகா, பிலிப் குக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பாஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கித் தாக்குதல்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். .22, .25, .32 போன்ற சிறிய காலிபரில் சுடப்பட்டவர்களைவிட, 9 மி.மீ, .38 போன்ற நடுத்தரக் காலிபரில் சுடப்பட்டவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு சுமார் இரண்டேகால் மடங்கு. .40, .45 போன்ற பெரிய காலிபரில் நாலரை மடங்கு. காயங்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். தடங்களில் வேறுபாடு தெரியவில்லை என்ற எஃப்.பி.ஐ.யின் கூற்றை இதன் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பெரிய துளையில் ரத்தம் கூடுதலாக வடிகிறது. அந்தக் கூடுதல் ரத்தம் அடுத்த பத்து விநாடியை மாற்றுவதில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அடுத்த அரை மணி நேரத்தை மாற்றிவிடுகிறது.

தற்காப்புச் சட்டத்தின் நோக்கம் கொல்வதற்கு உரிமை தருவது அல்ல. தாக்குதலை நிறுத்தும் உரிமையைத் தருவதே. கொல்வதும் நிறுத்துவதும் வேறு வேறு. பெரிய காலிபர் சாவைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. எதிராளியை விரைவாக நிறுத்துகிறது என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. "பெரியது நல்லது" என்று சொல்கிறவர்கள் இதை ஒரு முறையாவது நேராகப் பார்க்க வேண்டும்.

நுனியில் குழிவுள்ள, உடலுக்குள் விரியும் குண்டைப் பற்றியும் ஒரு சொல். இதன் முன்னோடிகளில் ஒன்று கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் பிறந்தது. எல்லைப் பழங்குடிகள் மீது சுடப் பிரிட்டிஷ் ராணுவம் செய்த அந்தக் குண்டுக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1899இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. இன்று அதே தத்துவம் காவல் துறைகளில் விரும்பப்படுவதற்குக் காரணம் வேறு: விரிந்த குண்டு உடலுக்குள்ளேயே நிற்கும், விரியாத குண்டு துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் யாரோ ஒருவரைத் தேடிப் போகும். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் ஜிப்சம் பலகையால் ஆனது. 30 சென்டிமீட்டர் ஜெலட்டினைத் துளைக்கும் எந்தக் குண்டும், தவறிப் போனால் அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைக் கடக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தையின் கட்டில் இருக்கலாம். வீட்டுக்குள் பாதுகாப்பான காலிபர் என்று ஒன்று கிடையாது.

இந்தியாவில் இந்தத் தேர்வே எழுவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 மி.மீ தடை செய்யப்பட்ட வகை. உரிமம் பெற்ற சாதாரணக் குடிமகன் அதை வைத்திருக்க முடியாது. அதனால்தான் கான்பூர் ஆயுதச் சாலை குடிமக்களுக்கு .32 ரிவால்வரைச் செய்து விற்கிறது. ஆனால் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி உண்மையானது. ஆகவே நேராகவே சொல்கிறேன். பயிற்சி எடுக்கும் உறுதி இருந்தால் 9 மி.மீ போதும். அந்த உறுதி இல்லையென்றால் எந்த எண்ணும் போதாது.

கடைசியாக ஒன்று. கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தம்மைத் தாமே சுட்டு இறக்கும் வாய்ப்பு, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் அது முப்பத்தைந்து மடங்கு. 2022இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையுண்டு இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். வாங்கியே தீருவது என்று முடிவு செய்திருந்தால், துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் கனமான எஃகுப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் பதியுங்கள். தோட்டாவையும் துப்பாக்கியையும் தனித்தனியாகப் பூட்டுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் நாட்களில், துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியே அனுப்பிவிடுங்கள்.